கல்லும் காணியும்
செங்கம் நடுகல் முதல் சவ்வாது மலை வரை

திருவண்ணாமலையின் வரலாறு என்றவுடன் நினைவில் எழுவது வானளாவிய இராசகோபுரமும், வல்லாள மன்னன் பெயர் தாங்கிய கோபுரமும், கார்த்திகைத் திங்களில் மலையுச்சியில் எரியும் பெருந்தீபமுமே. சோழரும் போசளரும் விசயநகர வேந்தரும் நாயக்கரும் இத்திருக்கோயிலுக்குச் செய்தவற்றை மதிற்சுவர்க் கல்வெட்டுகள் நிரம்பச் சொல்கின்றன. அரசர் வரலாறு கல்லில் நின்றுவிட்டது. ஆனால் இந்நகரைச் சூழ்ந்த மலைகளிலும் காடுகளிலும் கலை வளர்த்த எளிய மக்களின் வரலாறும் கல்லில் தொடங்கியதே என்பது பலர் எண்ணிப் பாராத செய்தி. அக்கல்லில் கலையும் உரிமையும் ஒன்றாக நின்றன. அவை பிரிந்தது எப்போது, பிரிந்தபின் அம்மக்களின் கலை என்ன வடிவெடுத்தது என்னும் வினாக்கள் இன்று உலகெங்கும் பழங்குடி மக்களின் கலை குறித்து எழுப்பப்படும் வினாக்களோடு நெருங்கிய உறவுடையவை.

கூத்தர் சென்ற வழி

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் இவ்வட்டாரத்தின் முதற் பெரும் இலக்கிய ஆவணம். பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன்சேய் நன்னனை இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகளைக் கொண்டது. செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிரமலை இன்றைய பருவதமலை என்பர். சேயாறு இன்றும் அப்பெயரோடு செய்யாறாக ஓடுகிறது. 1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சில் கொணர்ந்தபோது, ஒரு மலைநாடே ஓலையிலிருந்து மீண்டு வந்தது எனலாம்.

கூத்தராற்றுப்படை என்பது இதன் மற்றொரு பெயர். முழவு, ஆகுளி, பதலை, தூம்பு, குழல், கோடு எனப் பல கருவிகளைப் பையிலிட்டுச் சுமந்து செல்லும் கூத்தர் குழு ஒன்றுக்கு, முன்பே பரிசில் பெற்று மீண்ட கூத்தன் வழி சொல்கிறான். வழியில் பன்றிக்கு வைத்த பொறி உண்டு; பரண்மேல் நின்று யானையை வெருட்டக் கானவர் விடும் கவண்கல் உண்டு; ஆயினும் அஞ்ச வேண்டியதில்லை. மலைச் சிற்றூரில் நுழைந்து நன்னனின் கூத்தர் என்று சொன்னால் போதும். தினைச்சோறும் இறைச்சியும் மூங்கிற் குழாயில் விளைந்த தேறலும் கிடைக்கும் என்கிறான். காட்டை அறிந்தவர் கானவர்; கலையை அறிந்தவர் கூத்தர்; இருவரும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர். அரசன் இருவர்க்கும் அப்பால் இருக்கிறான். அவனை அடையும் வழியோ மலைமக்களின் விருந்தோம்பலினூடேதான் செல்கிறது.

இப்பாட்டில் மற்றொரு குறிப்பும் உண்டு. போரில் பட்ட வீரர்களின் பெயர் பொறித்த கற்கள் வழிநெடுக நிற்கும். அவற்றைக் கண்டால் யாழிசைத்து வணங்கிச் செல்லுங்கள் என்கிறான் வழிகாட்டும் கூத்தன். சங்கப் புலவர் சுட்டிய அம்மரபு இதே செங்கம் வட்டாரத்தில் பிற்காலத்தில் எவ்வளவு செழித்தது என்பதைத் தொல்லியல் மெய்ப்பித்தது.

இறந்தவனுக்குக் கல், இருப்பவர்க்கு நிலம்

தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972இல் இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுதியை வெளியிட்டது. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் முதலிய பல்லவர் காலந்தொட்டு அமைந்த வட்டெழுத்துக் கற்கள் பல அதில் இடம்பெற்றன. பெரும்பாலானவை தொறு எனப்படும் கால்நடைக் கூட்டத்தைக் கவர்ந்த பூசலிலோ மீட்ட பூசலிலோ உயிர் துறந்தவர்க்கு எடுத்த கற்கள். ஒரு கையில் வில், மறுகையில் வாள், முன்வைத்த கால், பின்புறம் பறக்கும் கச்சை எனச் சில கோடுகளில் ஓட்டமும் சினமும் தோன்றுமாறு வீரன் புடைத்து நிற்பான். மாமல்லபுரத்தின் நளினத்தை இங்கே தேடலாகாது. அரசவைச் சிற்பி அறியாத வேறொரு விரைவு இக்கற்களில் உண்டு.

இவற்றுள் எடுத்தனூர்க் கல் தனிச் சிறப்புடையது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமைகளைக் காக்கும் பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்பானுக்கு எடுத்த கல் அது. வீரனுக்கு அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்துப் பொறிப்பு சொல்கிறது. பேரரசன் ஆட்சியாண்டோடு ஒரு காவல்நாயின் பெயரையும் ஒரே கல்லில் பொறிக்கத் துணிந்த மனம் எவ்வளவு பெரியது! மன்னனுக்கும் நாய்க்கும் இடையே அங்கு ஒரு சில எழுத்துகளின் தொலைவே உண்டு.

நடுகல் வெறும் நினைவுச்சின்னம் அன்று. பட்டவனின் குடும்பத்துக்கு ஊரோ தலைவனோ நிலம் விடும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. அந்நிலத்தை உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் கல்வெட்டுகள் குறிக்கும். இரண்டும் குருதிக்கு ஈடாக விட்ட நிலம் என்னும் பொருளன. ஆக, நடுகல் ஒரே சமயத்தில் சிற்பமாகவும் வரலாறாகவும் வழிபடு தெய்வமாகவும் காணிப் பத்திரமாகவும் விளங்கியது. கல்லைக் காட்டி நிலத்தைக் கேட்கலாம். நிலத்தைக் காட்டிக் கல்லின் கதையைச் சொல்லலாம். கலை வேறு, உரிமை வேறு என்னும் எண்ணம் அச்சமுதாயத்துக்குத் தோன்றியிராது.

இக்கற்களில் பல இன்றும் வேடியப்பன் என்னும் பெயரில் வழிபாட்டில் உள்ளன. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் வேடியப்பனுக்குப் பொங்கலிட்டுப் படைப்போர், தாம் வணங்குவது ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் கால ஆவணம் என்று கருதி வணங்குவதில்லை. தம் காட்டையும் கால்நடையையும் காப்பவன் என்றே வணங்குகின்றனர். எழுத்து மறந்தாலும் பொருள் மறக்கவில்லை. தண்டராம்பட்டுப் பக்கத்து மோட்டூரில் பெருங்கற்காலத்து மக்கள் நிறுத்திய மனித வடிவக் கல்லையும் இவ்வாறே ஊரார் தெய்வமாகக் கொண்டுள்ளனர்.

மலையாளிகளின் கதை

சவ்வாது மலையில் வாழ்வோர் மலையாளிகள். மலையை ஆள்வோர் என்பது பொருள். மலையாள மொழிக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. பேசுவது தமிழே. சாமை, கேழ்வரகு, வரகு விளைவிப்பவர்கள். தேனும் கடுக்காயும் புளியும் காட்டிலிருந்து கொணர்பவர்கள். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மலையை நாடுகளாகப் பிரித்து, ஊர்த்தலைவரும் நாட்டுத்தலைவரும் வழக்குத் தீர்க்கும் ஆட்சிமுறையைத் தமக்கென வகுத்துக்கொண்டவர்கள்.

இவர்களின் தோற்றம் பற்றி ஒரு கதை உண்டு. வட ஆர்க்காட்டு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதி நூலிலும் இடம்பெற்றது அது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுத்தனர். வேடர் எழுவர் பெண்களைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு வேளாளர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் தனியே திரும்பினால் தாம் இறந்ததாகக் கொள்க என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம் வந்தது. ஆடவர் கடந்துவிட்டனர், நாய்கள் பாதியில் திரும்பிவிட்டன. மீண்டு வந்தபோது மனைவியர் கைம்பெண்களாகி, ஈமக்கடனும் முடிந்திருந்தது. உயிரோடிருந்தும் இறந்தவர்களான அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து மலையேறிப் பயிர் செய்து வாழ்ந்தனர்.

வரலாற்றுச் சான்றாக இக்கதையைக் கொள்ளுதல் இயலாது. ஆனால் கதையின் உட்பொருள் ஆழமானது. பழங்குடி எனப்படுவோர் தம்மை மண்ணோடு முளைத்தவர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சமவெளி தம்மை இறந்தவராகக் கணக்கிட்டதால் மலைக்குப் போனோம் என்கின்றனர். தாய்வழி வேடர், தந்தைவழி வேளாளர் என்று இரு குருதியையும் மறைக்காமல் ஏற்கின்றனர். யார் முதலில் வந்தவர் என்பதைவிட, எந்த மண்ணோடு எத்தகைய உறவில் வாழ்கின்றனர் என்பதே பழங்குடி உரிமையின் அடிப்படை என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் அரிது. நடுகல்லில் நாய் காத்து நின்றது. மலையாளிகள் கதையில் நாய் திரும்பிவிட்டது. ஒரே வட்டாரத்தின் இரு நாய்கள் இரு வகை வரலாற்றைச் சுமக்கின்றன.

சட்டம் ஏறிய மலை

1767 செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஆங்கிலேயப் படைகளும் ஐதர் அலி, நிசாம் ஆகியோரின் கூட்டுப் படைகளும் மோதின. 1801இல் கருநாடக நவாபின் ஆட்சிப்பகுதி முழுவதும் கும்பினியின் கைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் நிகழ்ந்ததுபோல வெள்ளையர் கூட்டங்கூட்டமாகக் குடியேறி நிலத்தைத் தமதாக்கிக்கொண்டது இங்கு நிகழவில்லை. நீலகிரியில் மட்டும் அதன் சாயலைக் காணலாம். 1819இல் ஜான் சல்லிவன் அங்கு சென்றபின், தோடர்களின் மேய்ச்சல் வெளிகள் சில பத்தாண்டுகளில் மாளிகைகளாகவும் தோட்டங்களாகவும் மாறின. சவ்வாது மலைக்குக் குடியேறியவர் வரவில்லை. சட்டம் வந்து குடியேறியது.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் அதன் பெயர். ஒரு காட்டை ஒதுக்குக் காடு ஆக்கக் கருதினால் அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். அங்கு உரிமை கொண்டாடுவோர் குறித்த காலத்துக்குள் வன நிலத்தீர்வு அலுவலர் முன் எழுத்தாலோ நேரிலோ முறையிட வேண்டும். அக்காலம் மூன்று மாதத்துக்குக் குறையலாகாது. படித்துப் பார்க்கும்போது நேர்மையான ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் கதையையும் கல்லையும் வழக்கத்தையும் பத்திரமாகக் கொண்ட மக்களுக்கு மூன்று மாதம் எதற்குப் போதும்? வேடியப்பன் கல்லைச் சான்றாகக் காட்டினால் ஏற்கும் அலுவலகம் எது? தலைமுறைகள் தொடர்ந்த உரிமை, மனு எழுதாத குற்றத்தால் சலுகையாகச் சுருங்கியது. சுள்ளி பொறுக்கச் சலுகை, ஆடு மேய்க்கச் சலுகை, தேன் எடுக்கக் குத்தகை என்று ஆயிற்று. கல்லும் காணியும் பிரிந்த இடம் இதுவே. கல் பின்னாளில் தொல்பொருள் துறையின் பதிவேட்டுக்குச் சென்றது. காணி வனத்துறையின் வரைபடத்துக்குச் சென்றது.

அதே ஆட்சி மக்களுக்கும் பட்டியல் எழுதியது. 1871இல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பெற்றுச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. அப்பட்டியலில் குறவர் பெயரும் ஏறியது. பெயர் ஒன்றாயிருப்பதாலேயே மக்கள் ஒருவராகிவிட மாட்டார். ஆயினும் குறிஞ்சிப் பாட்டுகளில் மலைக்குரியவராகவும், குறவஞ்சி நாடகங்களில் மலைவளம் பாடுபவராகவும் போற்றப்பட்ட ஒரு பெயர், காவல் நிலையத்தில் கைரேகை வைக்கும் பெயராக மாறியது தமிழிலக்கியம் கற்றோர் மறக்கத்தகாத செய்தி. சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீங்கியது. பெயரின் மேல் படிந்த கறை அவ்வளவு விரைவில் நீங்கவில்லை.

விடுதலைக்குப் பின் பழங்குடியினர் பட்டியலில் மலையாளிகள் இடம்பெற்றனர். ஆனால் மாவட்ட எல்லையோடு கட்டப்பட்ட இடம் அது. ஒரு மாவட்டத்தில் பழங்குடியாக இருப்பவர் எல்லை தாண்டிய மலையில் பழங்குடி ஆகார். ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் மலையாளிகள் அவ்வேற்புக்காக நெடுங்காலம் கோரிக்கை எழுப்பி வந்துள்ளனர். 2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றி, காட்டுவாழ் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்பதை அதன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டிலோ, உரிமைப் பட்டா வழங்குமுன் நீதிமன்ற அனுமதி பெற வேண்டும் என்று 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் இட்ட இடைக்கால ஆணையால் பணி தடைப்பட்டது. 2016இல் உச்ச நீதிமன்றத்தில்தான் அத்தடை நீங்கியது. மூன்று மாதத்தில் பறிபோனதைத் திரும்பக் கேட்க நூற்று இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. கேட்டபின்னும் எட்டாண்டு காத்திருக்க நேர்ந்தது.

அவ்வெட்டாண்டுக்கு இடையே 2015 ஏப்ரல் 7ஆம் நாள், திருப்பதியை அடுத்த சேசாசலக் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகச் சொல்லித் தமிழகத் தொழிலாளர் 20 பேரை ஆந்திரச் சிறப்புக் காவல் படையினர் சுட்டுக் கொன்றனர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்களே அவர்களுள் மிகுதி; மலையாளிகளும் பலர். மரத்தை அறிந்த கை, தன் மலையில் உரிமை இழந்து, அயல் மலையில் கூலிக்குச் சென்று மடிந்தது. தொறுப்பூசலில் பட்டவனுக்குக் கல் நட்ட மண்ணில் இவர்களுக்குக் கல் இல்லை, உதிரப்பட்டியும் இல்லை.

மரப்பட்டையில் எழுதிய மனு

உலகின் மறுகோடியில் நிகழ்ந்த ஒன்றை இங்கு ஒப்பிட்டுக் காணலாம். ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இர்க்காலா என்னும் ஊரைச் சூழ்ந்த நிலத்தில் பாக்சைட் தாது எடுக்க அரசு இசைந்தபோது, அங்கு வாழும் யோல்ங்கு மக்கள் 1963இல் நாடாளுமன்றத்துக்கு மனு விடுத்தனர். தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையின் நடுவில் ஒட்டி, சுற்றிலும் தம் குலங்களின் மரபு ஓவியங்களைத் தீட்டினர். ஓவியமே அவர்களுக்கு நிலப்பத்திரம். எந்தக் குலத்துக்கு எந்த ஓவியமோ அந்தக் குலத்துக்கு அந்த நிலம். தட்டச்சுத் தாள் குடியேறியவர்களின் வழக்கு. ஓவிய விளிம்பு பூர்வகுடிகளின் வழக்கு. இரண்டும் ஒரே பட்டையில் அமைந்தன. 1971இல் நீதிமன்றம் அவர்கள் வழக்கைத் தள்ளியது. ஆயினும் அம்மனுவில் பிறந்த இயக்கம் 1976இல் வடபகுதிக்கு ஒரு நில உரிமைச் சட்டத்தைப் பெற்றுத் தந்தது. உரிமையாளரற்ற வெற்று நிலம் என்று சொல்லி நாட்டைப் பிடித்த கோட்பாட்டையே 1992இல் மாபோ வழக்குத் தீர்ப்பு தகர்த்தது.

எடுத்தனூர்க் கல்லை எழுப்பியவர்களும் இர்க்காலாப் பட்டையைத் தீட்டியவர்களும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் கலையும் நிலவுரிமையும் ஒரே பரப்பில் இருக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒத்த கருத்தினர். நம் ஊரிலும் அத்தகைய ஒரு போராட்டம் நிகழ்ந்தது. திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலை, வேடியப்பன்மலை ஆகியவற்றில் இரும்புத் தாது வெட்டியெடுக்கும் திட்டம் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எழுந்தபோது, சுற்றுப்புற ஊர் மக்கள் உறுதியாக எதிர்த்தனர். நீரும் காடும் வேளாண்மையும் கெடும் என்பது ஒரு வாதம்; மலை வேடியப்பனுடையது என்பது மற்றொன்று. நடுகல் மரபு தந்த தெய்வத்தின் பெயரே அங்கு உரிமையின் சொல்லாயிற்று.

குடியேற்ற ஆதிக்கத்தின் பாணியைத் தம் கலையில் ஏற்றவரின் நிலையையும் ஆஸ்திரேலியாவே காட்டுகிறது. ஆல்பர்ட் நமட்ஜிரா (1902-1959) மேனாட்டு நீர்வண்ண முறையைக் கற்றுத் தம் மலைகளைத் தீட்டியவர். வெள்ளையர் சுவரெல்லாம் அவர் படங்கள் தொங்கின. 1957இல் அவருக்குக் குடியுரிமை தந்தனர். அடுத்த ஆண்டே, தம் இனத்தவருக்கு மது கிடைக்கச் செய்தார் என்று தண்டித்தனர். அவர் வரைந்தது மேனாட்டு நகல் என்று சிலர் நெடுங்காலம் இகழ்ந்தனர். தம் முன்னோர் நிலத்தை அயலார் தூரிகையால் உரிமை கொண்டாடினார் என்று இன்று உணர்கின்றனர். அவர் படங்களின் பதிப்புரிமையே 2017இல்தான் அவர் குடும்பத்தார்க்குத் திரும்பியது. பாணி யாருடையது என்பதைக் காட்டிலும், பாணிக்குள் இருந்து பேசுபவர் யார், அதன் பயனைத் துய்ப்பவர் யார் என்பவையே முதன்மையான வினாக்கள்.

கூத்தில் கலந்த அயற்குரல்

மலைபடுகடாம் பாடிய கூத்தரின் நேர் வழித்தோன்றல்கள் யார் என்று வரையறுக்க முடியாது. எனினும் அதே செய்யாற்றங்கரையில் கூத்து இன்றும் வாழ்கிறது. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்தாடி, அருச்சுனன் தபசு மரமேறி, படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனை வீழ்த்தும் விழா இவ்வட்டாரத்தின் பெரும் கலைக்கொடை. எந்தக் குழு எந்த ஊரில் ஆடுவது என்பதும் பரம்பரை உரிமையாக இருந்தது, ஊர் நெல்லளந்தது. இங்கும் கலையும் உரிமையும் சேர்ந்தே நின்றன.

ஆங்கில ஆட்சிக்காலத்தில் இம்மேடைக்குள் அயற்பொருள்கள் புகுந்தன. முகவீணைக்குப் பக்கத்தில் ஐரோப்பாவில் பிறந்த ஆர்மோனியம் அமர்ந்தது. பந்தத்தின் இடத்தில் ஜெர்மானியப் பெட்ரோமாக்ஸ் எரிந்தது. பார்சி நாடகக் கம்பெனிகளின் திரையும், பபூன் வேடமும், மெட்டுகளும் நாடகம் வழியே கிராமத்துக்கு வந்தன. ஆர்மோனியம் இந்திய இசைக்கு ஒவ்வாதது என்று 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதைத் தன் நிலையங்களில் தடுத்து வைத்தது. கூத்தாடிகளோ அதை வாங்கி, உச்சக் குரலில் பாடும் வேடக்காரனுக்குச் சுருதி கொடுக்கும் பெட்டியாக்கிக் கொண்டனர். வானொலி நிலையம் தூய்மையை எண்ணியது. கூத்து மேடை விடியும்வரை ஆட வேண்டிய இரவை எண்ணியது. எழுவர் வேளாளர் வேடர் பெண்களை மணந்த கதையைப் போலவே இதுவும் மறைக்க வேண்டாத கலப்பு.

நகரத்துக் கலைக்கல்வி வேறு வழியில் சென்றது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளி கலை என்றும் கைவினை என்றும் இரு வகுப்பாகப் பிரித்துக் கற்பித்த மரபின் வாயில். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்திய முதல்வரானார். அவருக்குப் பின் வந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவர் வழியில் 1966இல் சோழமண்டலம் கண்ட ஓவியர்களும், மேனாட்டு நவீனத்திலிருந்து விடுபட நாட்டார் வடிவங்களையும் கோலத்தையும் எழுத்தையும் நாடினர். நாடகத்தில், புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தை 1975இல் கண்ட ந. முத்துசாமி (1936-2018) அதில் தமிழ் நவீன நாடகத்தின் ஊற்றைக் கண்டார். 1977இல் கூத்துப்பட்டறை தோன்றியது. செய்யாறு வட்டாரத்துப் புரிசைக் கலைஞர்கள் தாமும் நவீனத்தை நோக்கி நடந்தனர். பிரெக்டின் நாடகத்தையும் கார்சியா மார்க்வெஸின் சிறகுடைய முதியவர் கதையையும் கூத்தாக்கினர். கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நிகழ்ந்தது என்பது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் பெயர் பற்றிய வழக்கொன்று தீராமல் நின்றது. நகரத்து அறிஞர் இதனைத் தெருக்கூத்து என்று உலகுக்கு அறிமுகம் செய்தனர். புரிசையினர் அப்பெயரை ஏற்றுப் பெருமையோடு வழங்கினர். பெருங்கட்டூர் ப. இராசகோபாலும் அவரோடு 1990இல் காஞ்சிபுரத்தில் சங்கம் கண்ட கலைஞர்களும் கட்டைக்கூத்து என்றே அழைக்க வேண்டும் என்றனர். வேடக்காரன் அணியும் மரக்கட்டை அணிகளால் வந்த பெயர் அது. தெரு என்னும் அடைமொழி தம் தொழில் தேர்ச்சியைத் தாழ்த்துவதாக அவர்கள் கருதினர். யார் சொல்வது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். தம் கலைக்குப் பெயரிடும் உரிமையைக் கலைஞர்களே கையில் எடுத்ததுதான் இங்கு கருதத்தக்கது.

இன்றைய சட்டம் தனி ஆசிரியனை அறியும், மரபை அறியாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுதியவன் வாழ்நாளும் மறைவுக்குப் பின் அறுபதாண்டும் காக்கிறது. தலைமுறைகள் சேர்ந்து இழைத்த அடவுக்கும், மலையாளிகளின் சேர்வையாட்டத்துக்கும் எழுதியவன் யார்? மறைந்த நாள் எது? புவிசார் குறியீடு ஓரளவு வழி செய்தது. 2013இல் தோடர் பூவேலைக்கு அது கிட்டியது. துணிக்குக் கிட்டிய காப்பு பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் எளிதில் கிட்டாது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர் ஜங்கர் சிங் ஷியாம் (1962-2001) பெரும் புகழ் எய்தியும் ஜப்பானிய அருங்காட்சியகம் ஒன்றில் தங்கி வரைந்திருந்தபோது உயிரை மாய்த்துக்கொண்டார். புகழும் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பதற்கு அத்துயரமே சான்று.

கவிஞர்க்குரிய கடன்

இந்நகரத்தார் இவ்வழக்கைப் புரிந்துகொள்ளத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலைமேல் மகாதீபம் ஏற்றும் உரிமை பருவதராசகுலத்தார்க்கு மரபாக உண்டு; எந்த அரசு மாறினும் அது மாறவில்லை. 2002இல் அருணாசலேசுவரர் கோயிலை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் கொணர அறிவிக்கை வந்தபோது, வழிபாடு நடக்கும் கோயிலைக் காட்சிச்சின்னம் ஆக்குவதா என்று நகரம் கொதித்தது. அம்முயற்சி பின்னர் கைவிடப்பட்டது. வாழும் தெய்வத்தைப் பதிவேட்டுப் பொருளாக்கும்போது எழும் வலி நகரத்தார்க்கு ஒருமுறை நேர்ந்தது. வேடியப்பனை வணங்குவோர்க்கும் காட்டை வணங்குவோர்க்கும் அது பலமுறை நேர்ந்துள்ளது.

குறிஞ்சியைப் பாடாத தமிழ்க் கவிஞன் இல்லை. தினைப்புனமும் பரணும் தேனும் கவிதையில் இன்றும் கைவரும். அச்சொற்கள் உயிரோடு புழங்கும் ஊர்கள் இரண்டு மணிநேரப் பேருந்துப் பயணத்தில் சமுனாமரத்தூருக்கு அப்பால் உள்ளன. அங்குள்ளோரிடம் பாட்டும் கதையும் பெறுவோர், சொன்னவர் பெயரை நூலில் அச்சிடுதல், ஆடியவர்க்கு உரிய ஊதியத்தை மேடையேறும் முன்பே தருதல், நடுகல்லை நின்ற இடத்திலேயே காக்க ஊராரோடு சேர்ந்து நிற்றல், அவர்கள் பட்டா கேட்டு நிற்கும் நாளில் அதைப் பற்றியும் எழுதுதல் என்னும் சில கடமைகளை மேற்கொண்டால், கூத்தராற்றுப்படை வழியின் மறுபாதி நிறைவுபெறும். அன்று மலைமக்கள் கூத்தரை வழிநடத்திச் சோறிட்டனர். அந்த விருந்துக்கு இன்னும் கைம்மாறு செய்தபாடில்லை.

எடுத்தனூர்க் கல்லில் அரசன் பெயர் உண்டு. வீரன் பெயர் உண்டு. நாயின் பெயரும் உண்டு. செதுக்கியவன் பெயர் இல்லை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் விடுபட்ட அந்த ஒரு பெயரை இனி எவராலும் சேர்க்க இயலாது. இன்று ஆடுவோர், பாடுவோர், வரைவோர் பெயர்களோ விடுபட வேண்டியதில்லை. அவற்றை எழுதுவதற்குக் கல்லும் உளியும்கூடத் தேவையில்லை. தாளும் எழுதுகோலும் போதும்.